ஒரு சாண் மார்லின்



காலையில் கரை சேர்ந்து, மீனை ஏலத்துக்கு விட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேராக இந்தக் கூடத்துக்கு வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஏலத் தரையில் மூக்கு நீண்ட பெரிய மீன் ஒன்று வந்து இறங்கினால் என்ன நடக்கும்? நாலு பேர் சேர்ந்து இழுப்பார்கள். கூட்டம் கூடும். பிள்ளைகள் பயந்து பயந்து அந்த மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதுகில் பாய் விரித்தது போலத் துடுப்பு இருந்தால் மயில்மீன் என்போம். பாய் இல்லாமல், தோள் தடித்து, மூக்கு ஈட்டிபோல் இறுகியிருந்தால் கொம்பன் என்பவர்கள் உண்டு. இலங்கைக் கரையில் கொப்பரன் என்பார்கள். பத்திரிகைகளில் மார்லின் என்று எழுதுகிறார்கள். கருப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின் என்று அதில் வகைகள் இருக்கின்றன. நானும் இன்று மார்லின் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த மீனின் குஞ்சை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? சாளைக் குஞ்சு பார்த்திருப்பீர்கள். சூரைக் குஞ்சு வலையில் வரும். சுறாக்குட்டி வராத நாள் இல்லை. ஒரு சாண் நீளத்தில், மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு மார்லின்? நாற்பது, ஐம்பது வருடம் தொழில் பார்த்தவர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். யோசித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். உலகம் முழுக்க அதே கதைதான். கடலில் இவ்வளவு பெரிதாக வளரும் ஒரு மீன், தன் பிள்ளைப் பருவத்தை நம் கண்ணில் படாமலே கழித்துவிடுகிறது. அந்தப் பருவம் எங்கே கழிகிறது, எப்படிக் கழிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் முட்டை. பிரேசில் நாட்டு விட்டோரியா கரைக்கு அப்பால் 1992இல் ஒரு நீல மார்லின் தூண்டிலில் சிக்கியது. எடை 636 கிலோ. பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் 1953இல் சிக்கிய கருப்பு மார்லின் 707 கிலோ. ஆண் மார்லின்கள் சிறியவை. நீல மார்லினில் ஆண் 160 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே நாம் வாய்பிளந்து பார்க்கும் ராட்சத மீன்கள் எல்லாமே தாய்கள். அந்தத் தாய் இடும் முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு ரவைத் துணுக்கு அளவு. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். உள்ளே ஒரு பொட்டு எண்ணெய். தண்ணீரில் விட்டால் முட்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

தாய் ஒரு பருவத்தில் பல தடவை முட்டையிடும். ஒவ்வொரு தடவையும் பல லட்சம் முட்டைகள். ஆணின் விந்தும் தண்ணீரிலேயே கலக்கும். கூடு இல்லை, காவல் இல்லை, ஒட்டிக்கொள்ளப் பாறை இல்லை. இரண்டொரு நாளில் முட்டை பொரிந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒரு நூல் துண்டு வெளியே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாய் தன் ஆயுளில் இடும் கோடிக்கணக்கான முட்டைகளில் இரண்டே இரண்டு வளர்ந்து ஆளாகித் தாயும் தகப்பனும் ஆனால் போதும், இனம் குறையாமல் நிற்கும். மீதி எல்லாம் வழியிலேயே போய்விடும். போவதில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில். அதனால்தான் அந்தச் சில வாரங்கள் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன.

ஒரு ஆய்வகத்தில் சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த ஒரு குஞ்சை எனக்குக் காட்டினார்கள். ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு. நுண்ணோக்கியின் கீழே வைத்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாகவே தெரிந்தது. தலையில் பெரும்பகுதி கண். அகன்ற வாய், அந்த வயதிலேயே தாடையில் பல். தலையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு முள் பின்னோக்கி நீண்டிருந்தன. செவுள் மூடியின் கீழ் மூலையிலிருந்து இன்னும் இரண்டு. மூக்கு? மூக்கே இல்லை. மார்லின் என்றால் மூக்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மழுங்கிய முகத்தோடு ஒரு முள்ளுருண்டை. குஞ்சு ஒரு சென்டிமீட்டரை நெருங்கும்போதுதான் முகம் முன்னால் இழுபடத் தொடங்குகிறது. பிறகு முதுகுத் துடுப்பு எழுகிறது. பெரிய மார்லினுக்கு முன்பக்கம் மட்டும் உயர்ந்து பிறகு சரிந்துவிடும் அந்தத் துடுப்பு, குஞ்சில் முதுகு நெடுக மயில்மீனின் பாய்போல் நிற்கும். பக்கவாட்டில் அறுகோணச் சங்கிலிபோல் ஒரு வலைக்கோலம் ஓடுவதும் இளம் நீல மார்லினில் தெளிவாகத் தெரியும். தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு அது. வளர்ந்த மீனில் தோலும் செதிலும் அதை மூடிவிடும்.

இப்படித் தாயைப் போலவே இல்லாத பிள்ளையை, இன்ன மீனின் குஞ்சு என்று எப்படிச் சொல்வது? அறிஞர்கள் இதில் நூறு வருடத்துக்கு மேல் திணறியிருக்கிறார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் 1880இல் வெளியிட்ட மீன் நூலில் சில மில்லிமீட்டர் அளவுள்ள மூக்குமீன் குஞ்சுகளின் படங்களைப் போட்டார். படம் இருந்தது. ஆனால் எந்த மூக்குமீன் எங்கே முட்டையிடுகிறது, எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. வளர்ந்த மீன்களிலேயே குழப்பம். 'கிழவனும் கடலும்' எழுதிய ஹெமிங்வே 1930களில் ஹவானாவில் மார்லின் பிடித்துக்கொண்டிருந்தபோது, பிலடெல்பியா அறிவியல் கழகத்திலிருந்து ஹென்றி ஃபவுலர் என்ற மீனியல் அறிஞர் 1934இல் அவர் படகுக்கு வந்தார். வெள்ளை மார்லின், நீல மார்லின், கருப்பு மார்லின் என்று சொல்லப்படுபவை வெவ்வேறு இனங்களா, அல்லது ஒரே மீன் வயதாலும் பாலாலும் வேறுபட்டு நிற்கிறதா என்பதே அப்போது கேள்வி. ஹெமிங்வே பிடித்த மீன்களை அளந்து குறித்துக் கொடுத்தார். பதிலுக்கு ஃபவுலர் வேறொரு சிறு மீனுக்கு அவர் பெயரை வைத்தார். அவ்வளவு பெரிய மீனைப் பற்றியே சண்டை தீராதபோது ஐந்து மில்லிமீட்டர் குஞ்சைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இந்த முடிச்சை அவிழ்த்ததில் ஜப்பானியர் பங்கு பெரிது. ஷோஜி உயெயனாகி என்ற ஆய்வாளர் 1950களிலும் 60களிலும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களில் கிடைத்த குஞ்சுகளை வரிசையாக அடுக்கி, சிறியதிலிருந்து பெரியது வரை ஒன்றோடொன்று பொருத்தி, இன்னது இன்ன மீனுடையது என்று வகைப்படுத்தினார். நீளமான கடல் தூண்டிலில் சிக்கிய சூரையின் வயிற்றையும் பெரிய மார்லினின் வயிற்றையும் கீறி, உள்ளே அரைகுறையாகச் செரித்துக் கிடந்த இளம் மார்லின்களை எடுத்தும் ஜப்பானிய ஆய்வாளர்கள் படித்தார்கள். வலைக்குச் சிக்காததைச் சூரை பிடித்துக் கொடுத்தது என்று சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் தவறு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அப்போது மண்டபம் முகாமில் இயங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். ஜோன்ஸ் 1950களின் பிற்பகுதியில் நம் கடல்களில் கிடைத்த வாள்மீன் குஞ்சு, மயில்மீன் குஞ்சு பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். 1962 ஜனவரியில் சூரை, அயிலை, மூக்குமீன் உள்ளிட்ட குடும்பங்களைப் பற்றி அனைத்துலகக் கருத்தரங்கு ஒன்று அதே மண்டபத்தில் நடந்தது. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது பாம்பன் பாலத்துக்கு முன்னால் கடந்துபோகிறோமே, அந்த மண்டபம்தான். அறுபது வருடத்துக்கு முன்னால் அந்த மணல் திட்டில் உட்கார்ந்து நம்மவர்கள் மூக்குமீன் குஞ்சைப் பற்றி உலகத்தோடு பேசியிருக்கிறார்கள்.

சரி, இந்தக் குஞ்சுகள் எங்கே இருக்கின்றன? மீன்குஞ்சு என்றதும் கழிமுகம், அலையாத்திக் காடு, கடற்புல், பவளப்பாறை என்றுதான் நம் மனம் போகும். இறாலுக்கும் மடவைக்கும் அது சரி. மார்லின் குஞ்சு இவற்றின் பக்கமே வராது. அதற்கு வேண்டியது ஆழ்கடல். தெளிந்த, சூடான, நீலம் மாறாத தண்ணீர். மேற்பரப்பு வெப்பம் 26, 27 டிகிரிக்கு மேலே. அதுவும் மேல்மட்டம்தான். பகலில் பெரும்பாலும் மேலே உள்ள சில மீட்டர்களுக்குள்ளேயே திரிகின்றன. கீழே ஆயிரம் மீட்டர், இரண்டாயிரம் மீட்டர் ஆழம் இருந்தாலும் குஞ்சுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பஹாமாஸ் தீவுகளுக்கு நடுவில் எக்சுமா சவுண்ட் என்று ஒரு ஆழ்கடல் கிண்ணம் இருக்கிறது. சுற்றிலும் முழங்கால் ஆழ மணல் திட்டுகள். நடுவில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழம். 2000ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே மேற்பரப்பு வலை இழுத்த ஆய்வாளர்களுக்கு, பொரிந்து சில நாளே ஆன நீல மார்லின் குஞ்சுகள் கிடைத்தன. அவ்வளவு இளசாகக் கிடைத்தால், பக்கத்திலேயே தாய் முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். எக்சுமா தீவுகளை ஒட்டி 1958இல் ஏற்பட்ட ஒரு கடல் பூங்கா உண்டு. 1986 முதல் அதற்குள் மீன் பிடிக்கவே தடை. பெருமைப்பட வேண்டிய செயல். ஆனால் குஞ்சு பூங்காவின் எல்லையைப் படித்துவிட்டு மிதப்பதில்லை. நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

அதற்கு மேற்கே, ஃபுளோரிடாவுக்கும் கியூபாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே ஓடும் ஃபுளோரிடா நீரிணையிலும் இதே குஞ்சுகளைத் தேடினார்கள். அங்கே கிடைத்த குஞ்சுகளின் வயிற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று.

அந்த நீலத் தண்ணீர் ஏன் நீலமாக இருக்கிறது? அதில் எதுவும் இல்லாததால். பச்சைக் கடலில் நுண்பாசி இருக்கிறது, பாசியைத் தின்னும் பூச்சி இருக்கிறது, பூச்சியைத் தின்னும் சாளை இருக்கிறது. நீலக்கடல் உணவில் பாலைவனம். அப்படிப்பட்ட இடத்தில் கோடிக்கணக்கில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் போய்விடுகிறதே, அவை பட்டினியில் சாகாதா? மற்ற பல மீன்குஞ்சுகளைப் பிடித்துப் பிரித்தால் பாதி வயிறு காலியாக இருக்கும். மார்லின், மயில்மீன் குஞ்சுகளில் பகலில் பிடித்தவற்றுக்கு ஏறக்குறைய எல்லா வயிற்றிலும் இரை இருந்தது. முதல் சில நாள் அவை தின்பது இரண்டே வகை: ஃபரானுலா என்ற ஒரு சிறிய துடுப்புக்காலி, இவாட்னி என்ற ஒரு நீர்த்தெள்ளு. சுற்றிலும் எத்தனையோ வகை மிதவை உயிர்கள் இருக்க, இந்த இரண்டையே பொறுக்கித் தின்கின்றன. அவ்வளவு பெரிய கண் எதற்கு என்று இப்போது விளங்கும். ஐந்து மில்லிமீட்டர் ஆனதுமே, நம் நகக்கண்ணில் அடங்கும் அளவில், மற்ற மீன்களின் குஞ்சுகளை விழுங்கத் தொடங்குகின்றன. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும்போது மீனைத் தவிர வேறெதுவும் தின்பதில்லை. வேட்டை வளர்ந்தபின் கற்றுக்கொண்ட வித்தை இல்லை, அது பிறவி.

பாலைவனத்தில் இரை குறைவு, ஆனால் எதிரியும் குறைவு. கரையோரப் பச்சைத் தண்ணீரில் ஒரு ரவைத் துணுக்கை விழுங்க ஆயிரம் வாய் காத்திருக்கும். நீலக்கடலில் வாய்கள் அரிது. கிடைக்கும் கொஞ்ச இரையைக் கூர்மையாகப் பிடிக்கத் தெரிந்த குஞ்சுக்கு அதுதான் நல்ல இடம். தாய் தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம்தான்.

வயதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு மாணவர் வாசலில் கேட்டார். கத்தாளை மீன் தின்றவர்களுக்குத் தெரியும், தலையை உடைத்தால் வெள்ளையாக இரண்டு கல் விழும். மீனின் காதுக்கல் அது. கத்தாளைக்கு அது பெரிது. குழந்தைகள் வைத்து விளையாடலாம். மார்லினுக்கோ, தாய் மீனிலேயே குருணைப் பொடி அளவுதான். குஞ்சின் கல்லை நுண்ணோக்கியில்தான் காண முடியும். அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது. மரத்துக்கு வருடத்துக்கு ஒன்று, குஞ்சுக்கு நாளுக்கு ஒன்று. வளையத்தை எண்ணினால் பிறந்து எத்தனை நாள் என்று தெரியும். வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால் எந்த நாள் நன்றாகச் சாப்பிட்டது, எந்த நாள் வாடியது என்றும் தெரியும். எக்சுமாவில் பிறந்த குஞ்சுகளையும் ஃபுளோரிடா நீரிணைக் குஞ்சுகளையும் இப்படி ஒப்பிட்டபோது, முதல் ஐந்தாறு நாள் இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தன. அதன் பிறகு ஓரிடத்துக் குஞ்சுகள் மற்ற இடத்துக் குஞ்சுகளை முந்திவிட்டன. மீன் தின்னத் தொடங்கும் வயது அது.

வளையம் எண்ணிக் கிடைத்த கணக்கு ஒன்று உண்டு. 1991இல் வெளியானது. அட்லாண்டிக் நீல மார்லின் பிறந்த 40ஆம் நாளில் 24 சென்டிமீட்டர் இருக்கிறது. ரவைத் துணுக்கு ஒரு மண்டலத்துக்குள் ஒரு சாண் ஆகிவிடுகிறது. அதன் பிறகு வேகம் பிடிக்கும் நாட்களில் நாளொன்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேலே வளர்கிறது. காலையில் பார்த்த மீன் மறுநாள் காலையில் ஒரு விரல் அகலம் நீண்டிருக்கும். 500 நாளில் 190 சென்டிமீட்டர். இந்தக் கூடத்தில் உள்ள எல்லோரையும்விட உயரம். முள்ளுள்ள மீன்களிலேயே இளம் வயதில் இவ்வளவு வேகமாக வளர்பவை மிகச் சிலதான். ஒரு சாண் குட்டி நம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் இதுதான். அது ஒரு சாணாக இருப்பதே சில நாட்கள்.

இனி ஹவாய்க்குப் போவோம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரை கோனா. எரிமலைச் சரிவு கரையிலிருந்தே செங்குத்தாக ஆழ்கடலில் இறங்குகிறது. காற்று மறைவான பக்கம். கடல் பல நாள் குளம்போல் கிடக்கும். மார்லின் தூண்டில்காரர்களுக்கு உலகப் புகழ்பெற்ற இடம். ஆய்வாளர்கள் அந்தக் கடலில் மிதந்த முட்டைகளை அரித்தெடுத்து, கப்பலிலேயே மரபணுச் சோதனை செய்து, இது நீல மார்லின் முட்டை, இது வேறு மீனுடையது என்று சில மணி நேரத்தில் பிரித்துக் காட்டினார்கள். 2005இல் அது வெளியானது. நூறு வருடக் குழப்பத்தை ஒரு துளி கரைசல் தீர்த்தது. கோனா மார்லினின் பேறுகால அறை என்று உறுதியானது.

அந்தக் கடலில் இன்னொன்றும் இருக்கிறது. உங்களில் பலர் நம் கடலிலேயே பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் சிற்றலை நெளிந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று கிடக்கும். சில இடத்தில் பத்தடி அகலம், சில இடத்தில் நூறடி. ஆற்றைப் போல வளைந்து வளைந்து மைல் கணக்கில் ஓடும். அதன் மேல் பாசித் துண்டு, இறகு, மரச்சில்லு, நுரை எல்லாம் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டையை ஒட்டித் தூண்டில் போட்டால் மீன் உண்டு என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய செய்தி.

இது எப்படி உண்டாகிறது? ஓதம் ஏறி இறங்கும்போது தண்ணீர் ஆழ்கடல் சரிவில் மோதுகிறது. மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை அலைபோல் எழும்பி நகர்கிறது. அந்த அலை நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குள்ளேயே ஓடுகிறது. அது போகும் வழியில் மேற்பரப்பில் ஒரு வரிசையில் தண்ணீர் இரு பக்கத்திலிருந்தும் வந்து கூடிக் கீழே இறங்கும். தண்ணீர் இறங்கிவிடும், மிதப்பது இறங்காது. மேலே இருக்க விரும்பி நீந்தும் குஞ்சும் இறங்காது. எல்லாம் அந்த வரிசையில் குவிந்துவிடும். உயிர்கள் விட்ட கொழுப்புப் படலமும் அங்கேயே சேர்ந்து சிற்றலையை அமுக்கிவிடும். அதனால்தான் வழவழப்பு.

ஹவாய் ஆய்வாளர்கள் இந்தப் பட்டைகளுக்குள்ளும் வெளியிலும் வலை இழுத்து எண்ணினார்கள். வலையின் வாய் பாதி தண்ணீருக்கு மேலே, பாதி உள்ளே. கடலின் மேல்தோலை மட்டும் உரிப்பது போல. 2019இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது. பட்டைகள் கடற்பரப்பில் பிடிக்கும் இடம் சுமார் 8 சதவீதம். மேற்பரப்பில் வாழும் மீன்குஞ்சுகளில் 42 சதவீதம் அந்த 8 சதவீதத்தில் இருந்தது. வெளியே இருப்பதைப் போல எட்டு மடங்கு நெருக்கம். ஆழ்கடல் மீனின் குஞ்சும், பாறை மீனின் குஞ்சும், மூக்குமீன் குஞ்சும், பறவைக்கோலாக் குஞ்சும் ஒரே கூரையின் கீழ். இரையும் அங்கேயே, வேட்டைக்காரனும் அங்கேயே, மறைந்துகொள்ளப் பாசித் துண்டும் அங்கேயே. மார்லினின் பிள்ளைப் பருவத்துக்கு முகவரி வேண்டும் என்றால் இதுதான். அட்சரேகை தீர்க்கரேகை போட்டு வரைபடத்தில் குறிக்க முடியாத முகவரி. ஓதத்தோடு உருவாகி, காற்று எழுந்தால் கலைந்து, மறுநாள் வேறிடத்தில் கூடும்.

அதே ஆய்வாளர்கள் அதே வலையில் இன்னொன்றையும் எண்ணினார்கள். பிளாஸ்டிக். பட்டைக்கு வெளியே இருந்ததைவிட உள்ளே 126 மடங்கு. ஒரு மீன்குஞ்சுக்கு ஏழு பிளாஸ்டிக் துணுக்கு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது துடுப்புக்காலியின் அளவு. நிறமற்றதும் நீலமும் நிறைய, அதாவது துடுப்புக்காலியின் நிறம். குஞ்சையும் இரையையும் கூட்டிச் சேர்க்கும் அதே தண்ணீர்தான் குப்பையையும் கூட்டிச் சேர்க்கிறது. அதற்கு வேறுபாடு தெரியாது. பட்டைக்குள் பிடித்த குஞ்சுகளின் வயிற்றைப் பிரித்தபோது 100இல் எட்டு ஒன்பதின் உள்ளே பிளாஸ்டிக் இருந்தது. வாள்மீன் குஞ்சு, பறவைக்கோலாக் குஞ்சு, கிளாத்திக் குஞ்சு என்று பல குடும்பங்களில். நம் விரலில் ஒட்டிக்கொண்டால் தட்டிவிடும் அளவுத் துணுக்கு, ஒரு சென்டிமீட்டர் குஞ்சின் குடலை அடைக்கப் போதும். நாளுக்கு நாள் வேகமாக வளர வேண்டிய வயதில் வயிறு நிறைந்த பொய்யோடு அது மிதக்கிறது. இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

கருப்பு மார்லினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வெளிவிளிம்பில், கெய்ன்ஸ் நகரத்துக்கும் லிசார்ட் தீவுக்கும் நடுவே, செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை தாய்கள் கூடுகின்றன. லிசார்ட் தீவுக்கு அருகே அவற்றின் குஞ்சுகளை 1980களில் கண்டார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்தபின் ஆழ்கடலில் தங்காமல் கரையோரம் வருகின்றன என்பது வியப்பு. டவுன்ஸ்வில் நகருக்குத் தெற்கே பவுலிங் கிரீன் முனையின் ஆழமில்லாக் கடலில், பதினைந்து இருபது கிலோ எடையுள்ள இளம் கருப்பு மார்லின்கள் சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு திரியும். சிறிய படகில் போனாலே பார்க்கலாம். குறியிட்டு விடுவதை அங்கே தூண்டில்காரர்கள் 1970களிலிருந்து செய்துவருகிறார்கள். 1998 முதல் ஆஸ்திரேலியக் கடலில் தொழில்முறைப் படகுகள் கருப்பு மார்லினையும் நீல மார்லினையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சிக்கினாலும் விட்டுவிட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம் தெரிந்ததால் அந்த நாட்டு மக்களுக்கு அந்த மீனின் மேல் ஒரு பாசம் வந்தது. சட்டம் பிறகுதான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்தியப் பெருங்கடலில் நிலை வேறு. ஆயிரங்கால் தூண்டிலிலும் செவுள்வலையிலும் சூரைக்காகப் போட்ட இடத்தில் மார்லின் சேர்ந்து வருகிறது. வரி மார்லின் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் பலமுறை சொல்லிவிட்டது. நீல மார்லின் எளிதில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் செய்கிறவரிடம் வந்து, சிக்கிய மீனை விட்டுவிடுங்கள் என்று நான் மேடையில் நின்று சொல்லமாட்டேன். அதை அரசுகள் உட்கார்ந்து பேசி, இழப்புக்கு வழி சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அறுந்த நைலான் வலைத் துண்டையும், ஐஸ் பெட்டியின் தெர்மோகோலையும், தண்ணீர்ப் பாக்கெட்டையும் கடலில் போடாதீர்கள். படகில் ஒரு சாக்கு கட்டி அதில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். அந்த வழவழப்பான பட்டை குறுக்கிடும் கடலில் இது இருமடங்கு முக்கியம்.

இன்னொன்று, சூரையைக் கீறிக் குடலை வீசும் முன் ஒரு தடவை உள்ளே பாருங்கள். ஜப்பானியர்களுக்குச் சூரை வயிறு கொடுத்ததை நம் சூரையும் கொடுக்கும். ஒரு சாண் நீளத்தில், முகம் கூராகி, முதுகு நெடுகப் பாய் நிற்கும் மீன் ஒன்று கிடந்தால் அதை எறியாதீர்கள். பாதி செரித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு பையில் போட்டு ஐஸில் வையுங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தனை பாகம் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மீன்வள ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.